இனிஷியல் மாறியவர்கள்

ஆவணக் காப்பகத்து இயந்திரம் ஒரு பெயரை நீக்கினால், அந்த ஆள் நாட்டில் வேறெந்தப் பதிவிலும் இருக்கமாட்டார். ஆற்று வெள்ளத்தை மூன்று நாள் முன்பே கணித்துச் சொன்ன அந்தக் காலத்து அலமேலம்மாளை அது நீக்கப்போவதைக் கண்டு, அங்கே வேலை பார்த்த செண்பகவடிவு பதறினாள்.

“து. அலமேலம்மாள், க. அலமேலம்மாள். இரண்டுமே அரைகுறை. அரைகுறைப் பதிவுகளை நீக்குவதுதான் விதி,” என்றது இயந்திரம்.

“ஐயோ, ரெண்டும் ஒரே ஆள்தான்! கல்யாணமானதும் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்திருக்கு.”

“வேறு யாருக்காவது இப்படி மாறியிருக்கிறதா?”

“முக்கால்வாசிப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான். போன மாசம் எனக்கே மாறுச்சே!”

“நல்லது. எல்லோரையும் ஒரே விதியில் பார்த்துவிடுகிறேன்.”

மதியம் சாப்பிட்டுத் திரும்பியவளின் விரல்ரேகையைக் காப்பகக் கதவு ஏற்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு எண்ணே கிடையாது என்றது ஒரு பெண்குரல்.