ஒருமனதாக

மத்தியான வெயில் கண்ணாடி ஜன்னல் வழியே பள்ளி வாரியத்தின் கூட்ட மேசையில் சாய்ந்து கிடக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்க இனி, தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் புள்ளிகள் இருபத்திரண்டு போதாது, இருபத்து நான்கு வேண்டும் என்று உறுப்பினர்கள் ஏழு பேரின் கைகளும் உயர்கின்றன. ஓரத்தில் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்பவளின் விரல்கள் நின்றுவிடுகின்றன. காய்ச்சலில் நான்கு மாதம் படுத்துக் கிடந்த அவள் மகள், விடுமுறையிலும் வகுப்புக்குப் போய், இப்போதுதான் இருபத்திரண்டைத் தொட்டிருக்கிறாள். "இப்ப கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைங்களுக்குமா சார்?" என்று தலைநிமிர்ந்து கேட்கிறாள். "எல்லாருக்கும்தாம்மா. எழுதியாச்சுன்னா ஒரு தடவை வாசிச்சிடுங்க," என்கிறார் தலைவர், தேநீரைக் கலக்கியபடி. கரண்டிச் சத்தம் அடங்குகிறது. அவள் மீதி வரியையும் தட்டச்சு செய்துவிட்டு, ஒரு சொல்லும் பிசகாமல், 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்பதுவரை வாசித்து முடிக்கிறாள்.