நண்பகல் விசாரணை

காகங்கள் ஆந்தைகளைக் கொத்தி விரட்டியதில் ஆலமரத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஆந்தைதான். சிறுபான்மைப் பறவைகளின் குறை கேட்கக் கடல் கடந்து நாரைக் குழு வந்ததும் அதற்கு உயிரே வந்தது.

"ராத்திரி விசாரிங்களேன். பகல்ல எனக்குக் கண்ணு தெரியாது."

"இரவில் நாங்கள் உறங்கிவிடுவோம். நண்பகலில் வந்து சொல்" என்றது தலைமை நாரை.

உச்சிவெயிலில் கண் கூச உட்கார்ந்து ஆந்தை எல்லாம் சொன்னது. உடைந்த முட்டைகளைச் சொன்னது. தன்னைப் பொந்தில் ஒளித்துவைத்த அணிலையும் நன்றியோடு சொன்னது. யாரும் குறுக்கிடவில்லை. இவ்வளவு பொறுமையாக அதன் பேச்சை யாருமே கேட்டதில்லை.

"அவ்வளவுதாங்க."

"நாரைங்க பாதியிலேயே பறந்துட்டாங்க. அடுத்த ஊருக்கு நேரமாச்சாம்" என்றது பக்கத்துக் கிளைக் காகம். "நாங்கதான் கேட்டுக்கிட்டிருக்கோம். அந்த அணில் எந்தப் பொந்துன்னு சொன்னே?"