ஸக்கியாவின் போத்தல்

மடவளையில் ஸக்கியா சமைத்துக் கொடுத்த கல்யாண வீடுகளில் ஒன்றுவிடாமல் நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு வந்துவிட்டது.

"உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா வயித்துக்குள்ள கிருமி இருக்கு," என்றார் சுகாதாரப் பரிசோதகர் கனகரத்தினம். "நீங்க அனுப்பின மலப் போத்தலைச் சோதிச்சாச்சு. இனி ஆருக்கும் சமைக்கக் கூடாது."

"எனக்கு ஒரு தலையிடிகூட வந்ததில்லையே. எங்கட பொழப்பு என்னாகிற?"

"உங்கட அவர் சமைக்கட்டும்."

கல்யாண வீடுகளில் சம்பல் பிசைவதோடு சரி, அவள் கணவன் ஜுனைதீனுக்கு வேறு சமையல் தெரியாது.

மேசையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. கனகரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"சம்பல் ஆர் செய்தது?"

"இவர்தான் பிசைஞ்சாரு. நான் கையே வைக்கல்ல."

"அப்ப பயமில்லை."

இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் படியிறங்கியதும் ஸக்கியா கணவன் பக்கம் திரும்பினாள்.

"போத்தல்ல குடுக்க எனக்கு வெக்கமா இருக்கு எண்டு சொன்னதும், நீங்கதானே உங்கடதப் போட்டு அனுப்பினீங்க?"

ஜுனைதீன் தன் வலக்கையைப் பார்த்தான்.

வெளியே கனகரத்தினம் விரல்களை நக்கியபடி சைக்கிளில் ஏறினார்.