அடியேந்தல்

பூட்டும் கையுமாகத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கு ஏறி வந்த சூப்பர்வைசர் பாஸ்கல், வாசலை மறித்து நின்ற பெண்களைக் கண்டு நின்றார்.

"பூட்டக்கூடாது சார். பிள்ளைக்கு இன்னும் அடியேந்தல் முடியல," என்றாள் செல்வலட்சுமி.

கூரை ஒழுகுகிறது என்று சொன்னதற்காக அவள் புருஷன் அருண்பாண்டிக்கு வேலை போயிருந்தது. எஸ்டேட்டில் வேலை போனால் லயத்து வீடும் போகும். மழை மட்டும் போகாது.

பாஸ்கல் கோட்டயத்திலிருந்து புதிதாக வந்தவர். "அடியேந்தலா? அதெந்தா?"

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் முன்னால் வந்தாள். லயத்தில் பிறந்த பிள்ளை முதன்முதலாக நடந்து வாசல் தாண்டும்போது வெளியே ஒருவர் கைநீட்டி ஏந்த வேண்டும். சரிவு அப்படி, உருண்டால் தேயிலைச் செடியில்தான் போய் நிற்கும். அதனால் வந்த பேராம். அது முடியும் முன்னே வீட்டைப் பூட்டினால், பூட்டியவர் பிள்ளைக்குக் கால் நிலைக்காதாம்.

"சாருக்குப் பிள்ளைக உண்டுமா?" என்று அன்பாக விசாரித்தாள்.

பாஸ்கல் பூட்டைப் பைக்குள் போட்டார். ஊரில் அவர் மனைவிக்கு ஏழாம் மாதம்.

குழந்தை கிருத்திகா வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து பவுடர் டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடக்கும் உத்தேசம் எதுவும் தெரியவில்லை.

ஃபாக்டரியில் மதியச் சங்கு ஊதியது. பொறுமையிழந்த பாஸ்கல் வெளியே குத்தவைத்துச் சாவிக்கொத்தை ஆட்டினார்.

"வா மோளே, வா."

கிருத்திகா எழுந்தாள். நிலையைப் பிடித்தாள். விட்டாள்.

ஓர் அடி. இன்னோர் அடி.

செல்வலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

வாசலைத் தாண்டிய பிள்ளை சரிந்தது. பாஸ்கல் இரண்டு கையாலும் ஏந்தினார். சாவிக்கொத்து சாக்கடையில் விழுந்தது.

லயம் முழுக்கக் குலவை.

"ஏந்துனவருதான் இனி தாய்மாமன்," என்றாள் குருவம்மாள். "தங்கச்சி வீட்டை எந்த அண்ணன் சார் பூட்டுவான்?"

பிள்ளை மாமன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

பாஸ்கல் ஒரு கையால் ஆபீசுக்குப் போன் செய்தார். "சாரே, இவிட ஒரு ஆசாரம் உண்டு. பூட்டான் பற்றில்ல."

பூட்ட முடியாது என்றதோடு, நூறு வருஷத்து வழக்கம் என்று தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டார்.

அடியேந்தல் என்ற சொல்லுக்கு அப்போது அரை நாள் வயதுகூட ஆகியிருக்கவில்லை. காலையில் அவருடைய ஜீப் சத்தம் கேட்டபோதுதான் செல்வலட்சுமி அதைப் பெற்றெடுத்தாள்.