எலிப் பந்தி

“பொடிய எடுத்தது நீதான?”

செல்வக்குமார் கத்திய கத்தலில் கூண்டுக்குள் இருந்த வெள்ளை எலிகள்கூட மூலையில் ஒதுங்கின. நாகஜோதி ஒதுங்கவில்லை.

“நான் ஒண்ணும் திருடல, தம்பி.”

“எண்பது பாக்கெட் வாங்கி நாப்பது நாள் ஆச்சு. நாப்பது மிச்சம் இருக்கணும். ஒண்ணுகூட இல்ல. அது என்ன சத்துமாவா, வீட்டுல கொண்டுபோய்க் கரைச்சுக் குடிக்க?”

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் அது. நல்ல பாக்டீரியா சேர்த்த பொடியைக் குடித்தால் எலிக்கு ஞாபகசக்தி கூடுமா என்பது செல்வக்குமாரின் ஆராய்ச்சி. ‘ஏ’ கூண்டில் பத்து எலி, தண்ணீரில் தினம் ஒரு பாக்கெட் பொடி. ‘பி’ கூண்டில் பத்து, வெறும் தண்ணீர். வளைந்து வளைந்து போகும் மரப்பாதையில் விட்டு, எது சீக்கிரம் வழி கண்டுபிடிக்கிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

அந்த நோட்டைத் தவிர மற்ற வேலையெல்லாம் நாகஜோதிதான். தீனி, தண்ணீர், உமி மாற்றுவது எல்லாம். சமயநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட பஸ் ஏறி வந்துவிடுவாள்.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் இம்மானுவேல் வந்தார்.

“சார், ரிசல்ட் அருமையா வந்திருக்கு. ஏ கூண்டு எலி ரெண்டு மடங்கு வேகம். இந்த நேரத்துல இப்படி ஒரு திருட்டு! இந்தம்மாவ இன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருங்க.”

வேலை போகும் என்று நாகஜோதிக்குப் புரிந்தது. போகட்டும். திருட்டுப் பட்டத்தோடு போகக் கூடாது.

“எடுத்தது நான்தான் சார். ஆனா வீட்டுக்குக் கொண்டுபோகல. பி கூண்டுக்கு ஊத்துனேன்.”

“என்னது?”

“மொத நாள்லருந்தே. அதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு வரிசைக்கு மட்டும் ஊத்தி இன்னொரு வரிசைய வேடிக்கை பாக்க விடலாமா? ஒரு கல்யாணத்துல எங்க பந்திக்கு மட்டும் பாயசம் வரல சார். அந்த ஓரவஞ்சனைய என் கையால செய்ய மனசு வரல.”

“போச்சு! எல்லாம் போச்சு!” செல்வக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். “எதுக்குப் பிரிச்சு வச்சோம்னுகூடத் தெரியாம…”

“அத நாம இவங்களுக்குச் சொல்லவே இல்லையேப்பா,” என்ற இம்மானுவேல், நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இருபது எலியும் ஒரே பொடியத்தான் குடிச்சிருக்கு. உன் நோட்டுல மட்டும் பத்து எலி எப்படிப்பா மக்காச்சு?”

செல்வக்குமார் நோட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை.

“மக்கா? யார் சொன்னது? இருபதும் என் கையில வளந்த பிள்ளைக சார். இப்பவே அவுத்து விட்டுப் பாருங்க!”