கடைசி வரிசையின் ஓரத்தில்

அன்று செவ்வாயா புதனா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. எங்கள் தலைநகர் மோர்ஸ்பி அருகே, உலகப் போரில் இறந்த வெளிநாட்டுச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக் கற்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. என்னோடு புல் வெட்டும் கோனியோ, கடைசி வரிசையின் ஓரத்தில் மண்டியிட்டு, எங்கள் ஊரில் புதைகுழி மேல் நடும் சிவப்பிலைச் செடியை ஊன்றுகிறாள். அந்தப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தே மலையில் செத்துப்போன அவள் தாத்தா வெறும் சுமைகூலி என்பதால் அவருக்கு இங்கே கல் கிடையாது. மேஸ்திரி ஹெனாவோ வந்து நிற்கிறார்.

"மூணாவது தடவை அக்கா. பிடுங்கிடு, இல்லேன்னா வேலை போயிடும்."

"நீயே பிடுங்கு தம்பி. அதே ஸ்ட்ரெச்சரோட மறுமுனையைத் தூக்கினது உன் தாத்தாதானே."

அவர் குனிகிறார். கை இலைவரை போய் நிற்கிறது. பிறகு அவர் செடியின் அடிமண்ணை அழுத்திவிட்டு நிமிர்கிறார்.

கோனியோவுக்கு அந்த மாதமே வேலை போயிற்று. ஹெனாவோவுக்கு அடுத்த மாதம். நான் இன்னும் அங்கேதான் புல் வெட்டுகிறேன். அந்த ஓரத்தில் இப்போது பதினேழு செடிகள் நிற்கின்றன.