முந்நூறு வோல்ற்

ஜெசிதா சுவிச்சைப் போட்டாள். அவளே கட்டிய மின்வழங்கி. இன்றைக்குத்தான் முதல்முதலாக அதற்குள் கரண்ட் போகிறது.

மேசையில் செருகி வைத்திருந்த வால்வு, அந்தப் பழைய காலக் கண்ணாடிக் குழல், மெல்லச் சிவந்தது.

பக்கத்தில் அவளுடைய அண்ணன் பேதுரு நின்றான். நெல்லியடியில் அந்தத் திருத்தகம் அவனுடையது. அங்கே பழுதான போன்களைத் திருத்துவது ஜெசிதாவின் வேலை.

மூன்று கிழமைக்கு முன், கிற்றார் படிப்பிக்கும் கோபிகா பழுதான வால்வு அம்பிளிபையர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதைச் சோதிக்கக் கடையில் இருந்த முப்பது வோல்ற் மின்வழங்கிப் பெட்டி காணாது. வால்வைச் சூடாக்க ஆறு வோல்ற் போதும். அதை வேலை செய்யவைக்க முந்நூறு வேண்டும்.

"அதுக்கொரு பெட்டி நானே கட்டுறன்," என்றாள் ஜெசிதா.

"உனக்கு ஏலாது. நீ போனோடை நில்," என்றான் பேதுரு.

எங்கேயோ ஒரு ட்ரான்ஸ்போமரைத் தேடிப்பிடித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் கட்டி முடித்தாள்.

இப்போது குமிழைத் திருப்பினாள். மீற்றர் முள் நூறு, இருநூறு என்று ஏறி முந்நூறில் நின்றது. பிறகு நடுங்கத் தொடங்கியது.

ஒரு வயர் இளகியிருந்தது. பேதுருவுக்குக் கை சும்மா இருக்காது. இடக்கையால் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் வயரை அமுக்கப் போனான்.

"அண்ணை!"

ஜெசிதா அவனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். அவன் போய்க் கதிரையில் மோதி நின்றான். அவள் சுவிச்சை நிறுத்தினாள். உள்ளே தேங்கிய கரண்டை வடித்துவிடவும் அவள் வழி செய்திருந்தாள். முள் ஆறுதலாக இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது.

"ரெண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சுக்குள்ளாலை எல்லோ போகும்," என்றாள். "உதுக்குள்ளை ஒரு கையாலைதான் வேலை."

பேதுரு இடக்கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டான். வலக்கையால் மட்டும் வயரை இறுக்கத் தொடங்கினான்.

பெட்டி நழுவுமென்று நினைத்தான். அது மேசையோடு சேர்த்து ஸ்குரூவால் முறுக்கப்பட்டிருந்தது. ஸ்குரூ டிரைவர் வலப்பக்கத்தில், கைக்கெட்டக் கொளுவிக் கிடந்தது. மீற்றரின் கறுப்பு வயரை ஒரு கிளிப் பெட்டியோடு கவ்விப் பிடித்திருந்தது.

எதற்கும் இன்னொரு கை தேவைப்படவில்லை.

மறுபடி சுவிச்சைப் போட்டார்கள். முள் முந்நூறில் அசையாமல் நின்றது.

பேதுரு தங்கையைப் பார்த்தான். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், வன்னியில், பதினாறு வயதில் ஷெல் பட்டு அவள் இழந்த இடக்கையைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஏலாது என்று சொன்ன அன்றும் அவன் அதன் பேரை எடுக்கவில்லை.

போனை எடுத்துக் கோபிகாவை அழைத்தான்.

"வெள்ளிக்கிழமை வாங்கோ பிள்ளை. தங்கச்சி உங்கடை அம்பிளிபையரைச் செய்து வைப்பாள்."